விளாமரத்துக்கு இந்தப் பக்கம்

கல்முனை
31 மே, சனிக்கிழமை

அன்புள்ள தர்சிகாவுக்கு,

இல்லை, பயந்து ஆய்வை நிறுத்தவில்லை. யாரும் மிரட்டவுமில்லை. உன் அம்மா அப்படி நினைத்துக்கொண்டு உன்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்று கிழமையாக நான் காரைதீவில் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர் எடுத்தால் போனைத் தூக்குவதுமில்லை. அது உண்மை. காரணம் வேறு.

உன் குரற்செய்திகள் நான்கையும் கேட்டேன். நாலாவதில் கொஞ்சம் கோபம் இருந்தது. "செத்துக்கித்துப் போயிட்டியாடி, ஒரு ஓம் எண்டாவது அனுப்பன்" என்றாய். ஓம். உயிரோடுதான் இருக்கிறேன்.

கடிதமாக எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பாய். நான் போனில் எதை அனுப்பினாலும் நீ அதை அம்மாவுக்கு அனுப்புவாய். அவர் அதைச் சத்தமாகப் போட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கவைப்பார். நீ என்னைத் திட்டியதைக்கூட எனக்கே போட்டுக் காட்டியவர் அவர். இது காகிதத்தில் இருக்க வேண்டிய விடயம். நோர்வேக்குப் போய்ச் சேர மூன்று கிழமையாவது எடுக்கும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். அதற்குள் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வாப்பா திரும்பியிருப்பார். திரும்பாமலும் இருக்கலாம். போகிற எல்லோரும் அப்படி நினைத்துத்தான் விடைபெறுகிறார்கள்.

இங்கே எல்லோரும் சுகம். சிறுபோக வயல் பச்சை பிடித்துவிட்டது. வாப்பா இல்லாததால் தண்ணீர் பார்க்கத் தம்பி இஹ்ஸான் போகிறான். முதல் நாளே பக்கத்து வயற்காரரோடு சண்டை. உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கிய இடத்திலிருந்தே வருகிறேன்.

கம்பஸ் விடுதியில் இரண்டாம் வருடம். வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் தன் வகுப்பு மாணவர்களைச் சுட்ட ஒரு பையனின் நாட்குறிப்பை நான் ஒப்படைக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். சுடுவதற்கு முதல் ஒரு வருடமாக எழுதியிருந்தான். யார் யார் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்த வாசலால் நுழைவது, என்ன உடுப்பு. தன் பெயரைப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்திருந்தான், அது செய்தியில் எப்படித் தெரியும் என்று. நான் அதில் மூழ்கிப்போயிருந்தேன். நீ தலை துவட்டிக்கொண்டு நின்றாய். துவட்டியபடியே, "எங்கட பள்ளிக்கூடத்தில சுட்டவனுகள் ஒருத்தனும் டயறி எழுதல்லையாமா?" என்றாய்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். அப்போதுதான் நிமலன் அண்ணாவைப் பற்றிச் சொன்னாய். ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். அதுவரை சொல்லவில்லை.

நீ சொன்னதை அன்றே எழுதிவைத்தேன். அது இப்போதும் என் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு. வயலோரத் தமிழ்க் கிராமத்துப் பள்ளிக்கூடம். ஊரே அங்கே தஞ்சம். நிமலனுக்கு ஒன்பது வயது, காய்ச்சல். அம்மா அவனை வகுப்பறையில் இரண்டு வாங்கைச் சேர்த்துப் படுக்கவைத்துவிட்டுப் பனடோல் தேடிப் போனார். பின்னேரம் மூன்று மணியிருக்கும். அவர் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. சுட்டவர்கள் எங்கள் பக்கத்து முஸ்லிம் பொடியன்கள். காவலுக்கு என்று துவக்குக் கொடுக்கப்பட்டவர்கள். இருபது வயது, பத்தொன்பது வயது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் வயலுக்குப் போன எங்கள் ஆட்கள் திரும்பி வரவில்லை. அதில் வாப்பாவின் தம்பி, றிஸ்மி சாச்சாவும் ஒருவர். பதினேழு வயது. இதை ஈடுகட்ட எழுதவில்லை. நீ அப்படி வாசிக்க மாட்டாய்.

அந்த வெளிநாட்டுப் பையனை விட்டேன். இதை எடுத்தேன். செய்தவர்களின் மனதில் என்ன இருந்தது? முப்பத்தைந்து வருடம் கழித்து அதை எப்படிச் சொல்கிறார்கள்? இதுதான் ஆய்வு. என் பேராசிரியர் வேண்டாம் என்றார். உன் அம்மாதான் ஓம் என்றார். ஞாபகம் இருக்கிறதா? "கேள் மகள். உன்னட்டத்தான் சொல்லுவானுகள், நீ அவனுகள்ர ஆள்" என்றார். பிறகு, "எனக்கு ஒண்டே ஒண்டு மட்டும் கேட்டுத் தா. நான் போகக்குள்ள நிமலன் நித்திரை. அவனுகள் உள்ள வரக்குள்ள அவன் எழும்பினானா, நித்திரையிலயே போயிட்டானா?" என்றார்.

அந்தக் கேள்வியை என் கேள்விப் பட்டியலின் கடைசியில் வைத்தேன். பன்னிரண்டாவது.

ஐந்து பேர் கதைத்தார்கள். பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும். ஒருவர் மீன் யாவாரம். ஒருவர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதைத்தார். ஒருவர் கதைத்ததைவிட என்னை ஏசியதுதான் அதிகம். "உனக்கு வேற வேல இல்லையா புள்ள, கலியாணம் முடிக்கிற வயசில செத்த பாம்பைக் கிண்டுறாய்" என்றார். ஏசி முடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தார்.

ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து அந்தப் பள்ளிக்கூடத்தை வரையச் சொல்வேன். பிறகு, நீங்கள் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள் என்பேன். வாயால் சொல்லாததைக் கை சொல்லும் என்று படித்திருக்கிறோமே. ஒருவர் மதகடியில் புள்ளி வைத்தார். ஒருவர் றோட்டில். ஒருவர் வைக்கோற் போருக்குப் பின்னால். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "நான் பின்னால நிண்டன்."

ஒருநாள் ஐந்து தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் வெளியே. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு புள்ளியும் இல்லை.

அந்த வெளிநாட்டுப் பையன் தன் பெயர் முன்னால் தெரிய வேண்டும் என்று சுட்டான். இங்கே முன்னால் ஒருவருமே இல்லை. இதுதான் என் ஆய்வின் முடிவு என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். சந்தோசம் என்றுதான் எழுத வேண்டும். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஆறாமவர் ஒரு தையற்காரர். எந்த ஊர் என்று எழுதவில்லை. பேனை பிடித்தால் கை நடுங்கும் என்றார். வெட்டும் மேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியில் தையல் சோக்கட்டியால் வரைந்தார். அழகாக வரைந்தார். மண்டபம், கிணறு, முன்வாசல். பிறகு பின்பக்க வேலி. வேலிக்கு வெளியே ஒரு மரம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முன்வாசல்ல ஆக்கள் நிண்டாங்க. நமக்கு வேற வழி தெரியா. எங்களோட வந்த ஒருத்தன் அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவன். அவன்தான் காட்டினான். இந்தா, இந்த விளாமரத்துக்கு நேர வேலியில ஒரு ஓட்டை. 'சின்ன வயசில விளாம்பழத்துக்கு இதாலதான் பாயிற' எண்டான்."

என் கை எழுதுவதை நிறுத்தியது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

தேத்தண்ணி வந்தது. குடித்துக்கொண்டே அவர் கேட்டார், "அது சரி, நீங்க ஆர்ர மகள் புள்ள?" எங்கள் ஊர்களில் முதல் கேள்வி அதுதான். மற்ற ஐந்து பேரிடமும் அதற்கு நழுவிப் பழகியிருந்தேன். அன்று நழுவ மறந்துபோனேன். பக்கீர் முகைதீன்ட மகள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையால் துணியை ஒரு தரம் தடவினார். பள்ளிக்கூடம் போய்விட்டது. இன்னொரு தரம். மரமும் போய்விட்டது. "நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல. எழுதினதை வெட்டுங்க" என்றார்.

பங்கெடுப்பவர் எந்த நேரமும் விலகலாம், விலகினால் அவர் சொன்னது எதுவும் ஆய்வில் வராது. நானே எழுதிய படிவம். அவருக்கு முன்னாலேயே வெட்டினேன். ஆகவே ஆறாமவர் இல்லை. அவர் சொன்னதும் இல்லை. அது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

தர்சிகா, அந்த விளாமரத்தை உனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் நோன்புப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது இஹ்ஸான் வாப்பாவைக் கெஞ்சிக் கதை சொல்லவைத்தானே, அதில் வரும். வாப்பா சின்ன வயதில் தன் வாப்பாவோடு வயல் வாடியில் தங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் இவர் வேலி ஓட்டையால் வெளியே. ஒருநாள் சட்டைக்குள் ஒளித்த விளாம்பழம் விழுந்து உருண்டு சேரின் காலடியில் போய் நின்றது. சேர் அதை எடுத்து மணந்து பார்த்து, "இது பழுக்கல்ல, நாளைக்கு நல்லதாப் பார்த்து எடுத்துக்கு வா" என்றாராம். எங்களுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லுவார். இன்னொருக்கா, இன்னொருக்கா என்போம். நீயும் அன்று சிரித்தாய்.

எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. கதைக்கு ஊர் எதற்கு?

பல விடயங்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்து நின்றன. இவளுடைய அண்ணன் இன்ன பள்ளிக்கூடத்தில் இறந்தவர் என்று உன்னை முதன்முதல் வீட்டில் அறிமுகப்படுத்திய அன்று வாப்பா சாப்பாட்டில் பாதியில் எழும்பி வயலுக்குப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு போகத்திலும் புது நெல்லுக் குற்றி முதல் மூடை அரிசி உன் அம்மாவுக்கு. ரீச்சருக்கு என்று சொல்லித் தானே மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோவார். படலையடியில் இறக்கிவிட்டு வந்துவிடுவார். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்களேன் என்று அம்மா எத்தனை தரம் கேட்டார். ஒருநாளும் படலைக்கு உள்ளே போனதில்லை. என் வாப்பாவின் கூச்சம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நான் தையற்காரரிடம் போய் வந்தபோது வீட்டில் ஹஜ் பயண அமளி. உனக்குத் தெரியும், போகிறவர் போகுமுன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார், நீங்கள் மன்னிப்பு என்பீர்களே, அது. அறிந்தும் அறியாமலும் ஏதும் பிழை செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க என்பார். பொருந்திட்டம், போய்ட்டு வாங்க என்பார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. சொல்லும் வழக்கமும் இல்லை. வாப்பா கல்முனை முழுக்க நடந்தார். வாய்க்கால் தண்ணீருக்காகப் பத்து வருடம் கதைக்காமல் இருந்த ஆளிடமும் போனார். அந்த ஆள், "பொருந்துறன், ஆனா மதகை மட்டும் தொடாத" என்றாராம். வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

காரைதீவுக்குப் போகவில்லை. உன் அம்மாவே வந்துவிட்டார்.

அவர் வந்ததை உனக்குச் சொல்லியிருப்பார். நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளைக் குடை ஒன்று கொண்டுவந்தார். "அங்க வெயில் கொளுத்துமாமே. இத விரிச்சா மூண்டு பேர் நிக்கலாம். இனி உங்கள ஹாஜியார் எண்டெல்லவா கூப்பிடணும், இந்தா இப்பவே ஒருக்காக் கூப்பிட்டுப் பார்க்கன், ஹாஜியார்!" என்றார். வீட்டில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். உம்மா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார்.

வாப்பா கதிரையிலிருந்து எழும்பினார். குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "ரீச்சர், நான் அறிஞ்சும் அறியாமலும்..." என்று தொடங்கினார். மிச்சம் வரவில்லை.

உன் அம்மாவுக்கு இந்தக் கரையில் அறுபது வருடப் பழக்கம். எங்கள் சொல்லெல்லாம் தெரியும். வாப்பாவை முடிக்க விடாமல், "ஐயோ, இதுக்கெல்லாம் அழுவாங்களா? உங்கட ஆக்கள் சொல்ற மாதிரியே சொல்றன். பொருந்திட்டன். முழுசாப் பொருந்திட்டன். நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்றார்.

வாப்பா குடையில் முகத்தை வைத்து அழுதார். ஹஜ்ஜை நினைத்து அழுகிறார் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் குசினிக்குப் போய் நின்றுகொண்டேன். உன் அம்மா போகும்போது என்னைத் தேடியிருக்கிறார். நான் வெளியே வரவில்லை. அன்றிலிருந்துதான் அவருடைய போனை எடுப்பதில்லை.

அடுத்த நாள் காலை வாப்பா முன்னறையில் இஹ்றாம் துணியைக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டு. மேல் துண்டு தோளில் நிற்காமல் வழுக்கியது. நான் சரி செய்துவிட்டேன். செய்துகொண்டே, விளாமரம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்டேன்.

ஆர் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தானே சிறு வயதிலிருந்து சொன்னீர்கள் என்றேன்.

துண்டோடு தரையில் இருந்துவிட்டார். "நான் உள்ள போகல்ல மகள். விளாமரத்துக்கு இந்தப் பக்கம் நிண்டுட்டன். சத்தம் கேக்கக்குள்ள காதைப் பொத்திக்கிட்டன்" என்றார்.

என் பட்டியல் எனக்கு மனப்பாடம். அந்த நேரம் மனதில் என்ன இருந்தது என்று கேட்டேன். மகளாகக் கேட்டேனா ஆய்வாளராகவா என்று கேட்காதே, தெரியாது. "றிஸ்மிட செருப்பு" என்றார். "அவன்ட ஒரு செருப்புத்தான் வயல்ல கிடைச்சது. மத்தது எங்க கிடக்கும் எண்டு யோசிச்சிக்கிட்டு நிண்டன். அவ்வளவுதான் மகள். வேற ஒண்டும் இல்ல."

இதுதான் நான் மூன்று வருடமாகத் தேடியது. ஒரு செருப்பு.

பன்னிரண்டாவது கேள்வியையும் கேட்டேன். பொடியன் ஒருவனையும் நான் காணவில்லை என்றார். உள்ளே போனவர்களிடம் பிறகு கேட்டீர்களா என்றேன். "கேட்டா சொல்லிருவானுகளே எண்டு கேக்கல்ல" என்றார்.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொருத்தம் கேட்டிருக்கலாமே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "சொன்னா பொருந்துவாவா மகள்? அதான் சொல்லாமக் கேட்டன்."

குசினியில் உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. "எனக்குக் கலியாணம் முடிச்ச முதல் கிழமையே சொல்லிட்டார். நான் என்னத்தச் செய்யிற? சோறு ஆக்கினன்" என்றார். பிறகு, "போற மனிசனை அழவெச்சி அனுப்பாத புள்ள" என்றார். அரிசித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி களைந்தார். ஏற்கெனவே களைந்த அரிசி.

வாப்பா போன அன்று முற்றம் நிறைய ஆட்கள். எல்லோரிடமும் கடைசியாக ஒரு தரம் கேட்டுக்கொண்டு வந்தார். இஹ்ஸானிடம், உம்மாவிடம், பிறகு என்னிடம். அறிந்தும் அறியாமலும் என்று அவர் சொல்லவில்லை. "அறிஞ்சு செய்ததுக்கு, மகள்" என்றார். மிக மெதுவாக. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

நான் சொல்லவில்லை. ஸலாம் மட்டும் சொன்னேன். வேனில் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று இஹ்ஸான் கூப்பிட்டான்.

நேற்று மக்காவிலிருந்து வீடியோவில் எடுத்தார். முகம் கறுத்திருந்தது. "ரீச்சர்ர குடையத்தான் புடிச்சிக்கிட்டுத் திரியிறன். அவக்குச் சொல்லு" என்றார். உம்மா ஓம் ஓம் என்றார். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "மகள், நீ இன்னும் சொல்லல்ல" என்றார். சத்தம் விளங்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

இன்னும் ஐந்து நாளில் அவர்கள் அரபா வெளியில் நிற்பார்கள். கேட்பது கிடைக்கும் நாள் என்பார்கள். உன் அம்மா தந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அங்கே நிற்கப் போகிறார். எதற்கென்று தெரியாமல் தந்ததை. அது செல்லுமா என்று மௌலவியிடம் கேட்கலாம். அவர் ஏதும் சொல்லுவார். எனக்கு வேண்டியது அந்தப் பதில் இல்லை. உன் அம்மா கொடுத்தது ஏமாந்து கொடுத்தது. அதைத் திரும்ப எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. தெரிந்தால்தானே எடுக்கலாம்.

ஆய்வைப் பற்றிக் கேட்டாய். ஐந்து தாள்களும் அலுமாரியில் இருக்கின்றன. எழுதத் தொடங்கினால் எல்லோரும் பின்னால் நின்றார்கள் என்று எழுதுவேன். வேலி ஓட்டையைக் காட்டியவன் என்ற ஒருவனை எழுத முடியாது. அவனைப் பற்றிச் சொன்னவர் விலகிவிட்டார். நல்ல ஆய்வாளராக இருந்தால் வாயை மூட வேண்டும். நல்ல மகளாக இருந்தாலும் வாயை மூட வேண்டும். இரண்டும் ஒரே வேலையைச் சொல்வது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எதற்குத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான். நீ அவருடைய மகள். எப்படிச் சொல்வது, எந்த நேரம் சொல்வது என்று உனக்குத் தெரியும். நான் சொன்னால் தாங்கமாட்டார், நீ சொன்னால் தாங்குவார். இரண்டு பக்கத்துக்கு முன்னால் அதை எழுதியும் இருந்தேன். வெட்டியிருப்பதைப் பார்ப்பாய்.

திரும்ப வாசித்தபோது விளங்கியது. இதுவும் வேலி ஓட்டையைக் காட்டுவதுதான். வழியைக் காட்டி உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நான் விளாமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று காதைப் பொத்திக்கொள்வது. எங்கள் வீட்டுப் பழக்கம்.

அதனால் அதைக் கேட்கவில்லை.

பொருந்திக்கொள் என்றும் எழுதமாட்டேன். அந்தச் சொல்லை இனி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ கோபப்படு. பதில் எழுதாமல் இரு. என் பெயரை உன் போனிலிருந்து எடுத்துவிடு. எதுவானாலும் எதற்கென்று தெரிந்து செய்வாய், அது போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இது உன் கைக்கு வரும்போது அம்மா உன்னிடம் எதுவும் சொல்லாமல் இருந்தால், நீயாகக் கேட்காதே. அவர் வழமைபோல் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னால் கேட்டுக்கொண்டிரு. ஒவ்வொரு நாளும் எடு. அவர் கதைக்காமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே.

அங்கே இப்போது இருட்டுவதே இல்லை என்றாயே. யன்னல்களை மூடிவிட்டாவது கொஞ்சம் தூங்கு. உன்னைப் படைத்தவன், நீ எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்றும்,
ஹுஸ்னியா

திங்கட்கிழமை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்றுக் காலை பஸ்ஸில் காரைதீவுக்குப் போனேன். படலையைத் திறந்து உள்ளே போனேன். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். முதலில் குடையைப் பற்றிச் சொன்னேன். பிறகு விளாமரத்தைப் பற்றி.